மடிக்கணினி வன்தட்டு, நினைவக மேம்படுத்தல்

மடிக்கணினி வன்தட்டு, நினைவக மேம்படுத்தல் என்பது, ஒரு மடிக்கணினியிலுள்ள வன்தட்டையும் ரேம் எனப்படும் தற்காலிக நினைவகத்தையும் கூடுதல் வேகமோ கொள்ளளவோ உடைய பாகங்களால் பயனர் தாமே மாற்றிக்கொள்வதைக் குறிக்கும். மடிக்கணினியின் செயலியும் வரைகலைச் சில்லும் பெரும்பாலும் தாய்ப்பலகையிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும். வன்தட்டும் நினைவகமும் பல மாதிரிகளில் திருகாணிகளைக் கழற்றி மாற்றக்கூடியவாறு அமைந்துள்ளன. பழைய மடிக்கணினி ஒன்றின் வேகக்குறைவுக்குப் பெரும்பாலும் அதன் வன்தட்டே முதன்மைக் காரணமாகும். ஆகையால் முதலில் வன்தட்டையும் அடுத்து நினைவகத்தையும் மாற்றுவது பயன்மிக்க வரிசையாகக் கருதப்படுகிறது.

பின்னணி

தமிழ்நாட்டில் இம்மேம்படுத்தல் பரவலான தேவையாக அமைந்ததற்கு அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் ஒரு காரணமாகும். 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கப்பட்ட இத்திட்டத்தின் கீழ், அரசு மற்றும் அரசு உதவிபெறும் பள்ளிகள், கல்லூரிகளைச் சேர்ந்த மாணவர்களுக்கு மடிக்கணினிகள் வழங்கப்பட்டன. தமிழ்நாடு மின்னணு நிறுவனமான எல்காட் இவற்றைக் கொள்முதல் செய்தது. லெனோவோ, ஏசர், எச்சிஎல் உள்ளிட்ட நிறுவனங்களின் கணினிகள் இவற்றுள் அடங்கும். தேனி மாவட்டத்தில் கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர், போடிநாயக்கனூர், ஆண்டிபட்டி முதலிய ஊர்களில் பயின்ற மாணவர்களும் இவற்றைப் பெற்றனர். பல குடும்பங்களுக்கு இதுவே முதல் கணினியாக இருந்தது.

முதற்கட்டக் கணினிகளில் 2 ஜிபி நினைவகமும் 320 ஜிபி வன்தட்டும் இருந்தன. பிந்தைய ஆண்டுகளில் 4 ஜிபி நினைவகம் கொண்ட மாதிரிகளும் வழங்கப்பட்டன. அக்காலப் பணிகளுக்கு இவை போதுமானவையாக இருந்தன. பின்னர் இணைய உலாவிகளும் இயங்குதளங்களும் கூடுதல் நினைவகத்தைக் கோரத் தொடங்கியதால், பழுதில்லாத கணினிகளும் மெதுவாக இயங்கலாயின. 2025 மார்ச்சு மாத நிதிநிலை அறிக்கையில், இரண்டு ஆண்டுகளில் 20 இலட்சம் கல்லூரி மாணவர்களுக்குக் கைக்கணினி அல்லது மடிக்கணினி வழங்கப்படும் என்று அரசு அறிவித்தது. எனினும் முன்பு வழங்கப்பட்டவற்றுள் பழுதில்லாதவற்றைத் தொடர்ந்து பயன்படுத்த மேம்படுத்தலே செலவு குறைந்த வழியாகும்.

வன்தட்டும் எஸ்எஸ்டியும்

வன்தட்டில் காந்தப்பூச்சுடைய தட்டுகள் சுழல்கின்றன. மடிக்கணினிகளில் இச்சுழற்சி பெரும்பாலும் நிமிடத்துக்கு 5400 முறையாகும். தரவைப் படிக்கும் முனை உரிய இடத்துக்கு நகர்ந்து, தட்டு சுழன்று வரும்வரை காத்திருக்க வேண்டியுள்ளதால், ஒவ்வொரு தேடலுக்கும் ஏறத்தாழ 10 முதல் 15 மில்லிநொடி செலவாகிறது. இயங்குதளம் தொடங்கும்போது ஆயிரக்கணக்கான சிறு கோப்புகள் வெவ்வேறு இடங்களிலிருந்து படிக்கப்படுகின்றன. இத்தாமதங்கள் ஒன்றுசேர்ந்து நிமிடக்கணக்கில் நீள்கின்றன.

எஸ்எஸ்டி எனப்படும் திண்மநிலைச் சேமிப்பகத்தில் நகரும் பாகங்கள் இல்லை. பிளாஷ் நினைவகச் சில்லுகளில் தரவு சேமிக்கப்படுவதால், ஒரு தேடலுக்கு 0.1 மில்லிநொடி அளவே ஆகிறது. இது அதிர்ச்சியைத் தாங்கும் தன்மை உடையது, ஒலி எழுப்பாது. ஆயினும் இதற்குக் குறைகளும் உண்டு. வன்தட்டு பழுதாகுமுன் பல வேளைகளில் ஒலியாலோ தாமதத்தாலோ அறிகுறி காட்டும். எஸ்எஸ்டி முன்னறிவிப்பின்றிச் செயலிழக்கக்கூடும். அழிக்கப்பட்ட கோப்புகளை எஸ்எஸ்டியிலிருந்து மீட்பதும் அரிது. ஆகவே எஸ்எஸ்டிக்கு மாறியவர் படியெடுத்து வைக்கும் வழக்கத்தைக் கைவிடலாகாது.

இணைப்பு வகைகள்

- 2.5 அங்குல சாட்டா: வன்தட்டு இருந்த இடத்தில் அப்படியே பொருந்தும். சாட்டா மூன்றாம் தலைமுறை நொடிக்கு 6 கிகாபிட்டு வேகமுடையது. நடைமுறையில் நொடிக்கு ஏறத்தாழ 550 மெகாபைட்டு கிடைக்கும். பழைய வன்தட்டுகள் 9.5 மில்லிமீட்டர் தடிமனும் எஸ்எஸ்டிகள் 7 மில்லிமீட்டர் தடிமனும் உடையவை. சில கணினிகளில் இவ்விடைவெளியை நிரப்பச் சட்டம் தேவைப்படும்.
- எம்.2: தாய்ப்பலகையில் நேரடியாகச் செருகப்படும் மெல்லிய பலகை. 2280 என்ற எண் 22 மில்லிமீட்டர் அகலத்தையும் 80 மில்லிமீட்டர் நீளத்தையும் குறிக்கிறது. இவ்வடிவில் சாட்டா, என்விஎம்இ என இருவகை உண்டு. தோற்றத்தில் ஒத்திருப்பினும், ஒருவகையை மட்டும் ஏற்கும் செருகுவாயில் மற்றது இயங்காது.

என்விஎம்இ வகை சாட்டாவைவிடப் பலமடங்கு வேகமானது. எனினும் நாளாந்தப் பணிகளில் வன்தட்டிலிருந்து சாட்டா எஸ்எஸ்டிக்கு மாறும்போது உணரப்படும் வேறுபாடே மிகப் பெரிதாகும்.

விற்பனையாளர்கள் கொள்ளளவைப் பத்தடிமான முறையில் குறிப்பிடுகின்றனர். விண்டோசு இரண்டடிமான முறையில் கணக்கிடுவதால், 240 ஜிபி எஸ்எஸ்டி ஏறத்தாழ 223 ஜிபி என்றே காட்டப்படும். இது பழுதன்று.

நினைவகம்

தற்காலிக நினைவகம் நிறைந்தவுடன் இயங்குதளம் தரவின் ஒரு பகுதியைச் சேமிப்பகத்துக்கு நகர்த்துகிறது. சேமிப்பகம் வன்தட்டாக இருந்தால் அப்போது கணினி உறைந்ததுபோல் தோன்றும். உலாவியில் பல பக்கங்களைத் திறக்கும்போது கணினி தடுமாறினால் நினைவகப் பற்றாக்குறையும், கணினி தொடங்கவே நெடுநேரமானால் வன்தட்டின் மெதுவும் காரணமாக இருக்கக்கூடும்.

மடிக்கணினிகளில் எஸ்ஓ-டிம் எனப்படும் சிறிய நினைவகப் பலகை பயன்படுகிறது. ஒரு தலைமுறைப் பலகை மற்றொரு தலைமுறைச் செருகுவாயில் பொருந்தாது.

- டிடிஆர்2: 200 ஊசிகள், 1.8 வோல்ட்டு
- டிடிஆர்3: 204 ஊசிகள், 1.5 வோல்ட்டு
- டிடிஆர்3எல்: 204 ஊசிகள், 1.35 வோல்ட்டு
- டிடிஆர்4: 260 ஊசிகள், 1.2 வோல்ட்டு
- டிடிஆர்5: 262 ஊசிகள், 1.1 வோல்ட்டு

டிடிஆர்3, டிடிஆர்3எல் ஆகிய இரண்டும் ஒரே வடிவுடையவை என்பதால் குழப்பம் நேர்கிறது. குறைந்த மின்னழுத்தத்தை மட்டும் ஏற்கும் கணினியில் 1.5 வோல்ட்டுப் பலகை இயங்காது. பெரும்பாலான டிடிஆர்3எல் பலகைகள் இரு மின்னழுத்தங்களிலும் இயங்குவதால் அவையே பாதுகாப்பான தெரிவாகும்.

ஒரே அளவுள்ள இரு பலகைகளைப் பொருத்தினால் நினைவகம் இரட்டைத் தடத்தில் இயங்கும். தனி வரைகலை நினைவகம் இல்லாத கணினிகளுக்கு இது கூடுதல் பயன் தரும். 32 பிட்டு விண்டோசு மடிக்கணினிப் பதிப்புகள் 4 ஜிபிக்கு மேல் பயன்படுத்தா. விண்டோசு 7 ஸ்டார்ட்டர் பதிப்பின் வரம்பு 2 ஜிபி மட்டுமே. அப்பதிப்பை மாற்றாமல் நினைவகத்தை மட்டும் கூட்டுவது வீண்செலவாகும். 2025ஆம் ஆண்டின் பிற்பகுதியில் நினைவகச் சில்லுகளின் விலை கடுமையாக உயர்ந்ததால், எவ்வளவு தேவை என்பதை முன்கூட்டியே கணிப்பது முக்கியத்துவம் பெற்றது.

மேம்படுத்த இயலாத கணினிகள்

மெல்லிய மடிக்கணினிகள் பலவற்றில் நினைவகம் தாய்ப்பலகையிலேயே பற்றவைக்கப்பட்டுள்ளது. மலிவு விலை மாதிரிகள் சிலவற்றில் இஎம்எம்சி எனப்படும் சேமிப்பகமும் அவ்வாறே உள்ளது. 2020 முதல் ஆப்பிள் நிறுவனம் தன் சொந்தச் சில்லுகளுடன் வெளியிட்ட மேக்புக்குகளில் நினைவகத்தை மாற்ற இயலாது. பாகங்களை வாங்குமுன் கணினியின் அடியில் உள்ள மாதிரி எண்ணைக் கொண்டு தயாரிப்பாளரின் பராமரிப்புக் கையேட்டைப் பார்த்தல் வேண்டும். விண்டோசு 10, 11 ஆகியவற்றில் டாஸ்க் மேனேஜரின் நினைவகப் பக்கம் எத்தனை செருகுவாய்கள் பயன்பாட்டில் உள்ளன என்பதைக் காட்டும்.

முன்னேற்பாடுகள்

இப்பணியில் இழந்தால் திரும்பப் பெற இயலாதது தரவு மட்டுமே. பாகங்களை மீண்டும் வாங்கலாம். ஒரே வன்தட்டில் இருந்த குடும்ப ஒளிப்படங்களையும் ஆய்வேட்டையும் வாங்க இயலாது. எனவே,

- தேவையான கோப்புகளை வேறொரு வட்டில் படியெடுத்து, அவை திறக்கின்றனவா என்று சரிபார்த்தல் வேண்டும்.
- பிட்லாக்கர் மறையாக்கம் செயலில் இருந்தால் அதன் மீட்புத் திறவுகோலைக் குறித்துவைத்தல் வேண்டும்.
- ஸ்மார்ட் தகவலைக் காட்டும் மென்பொருளால் பழைய வன்தட்டின் நிலையை அறிதல் வேண்டும். பழுதான பகுதிகள் பெருகியிருந்தால், நகலாக்கத்துக்கு முன் முக்கியக் கோப்புகளை மட்டும் முதலில் எடுத்தல் நன்று.
- உத்தரவாதக் காலம் முடியாத கணினியைத் திறக்குமுன் அதன் விதிகளைப் பார்த்தல் வேண்டும்.

சிறிய நட்சத்திர முனைத் திருப்புளி, மூடியை நெம்ப மெல்லிய நெகிழி அட்டை, யூஎஸ்பி-சாட்டா இணைப்பி ஆகியன தேவையான கருவிகளாகும்.

தேனி மாவட்டச் சூழல்

தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் மேற்குத் தொடர்ச்சி மலைக் கணவாய்கள் வழியாகக் கம்பம் பள்ளத்தாக்கிலும் ஆண்டிபட்டிப் பகுதியிலும் காற்று வேகமாக வீசுகிறது. அதனுடன் வரும் புழுதி கணினியின் விசிறியிலும் வெப்பம் கடத்தும் தகடுகளிலும் படியக்கூடும். வெப்பம் மிகுந்தால் செயலி தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஆகவே மூடியைத் திறக்கும்போதே தூரிகையால் புழுதியை நீக்குவது மேம்படுத்தலின் ஒரு பகுதியாகக் கொள்ளத்தக்கது. வேலையைக் காற்றடங்கிய அறையில் செய்தல் நன்று.

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் இடிமழையின்போது மின்தடை நேர்வதுண்டு. மின்கலம் வலுவிழந்த கணினியில் நகலாக்கம் நடைபெறும்போது மின்சாரம் நின்றால் பணி பாதியில் நின்றுவிடும். பழைய வன்தட்டிலிருந்து படிக்க மட்டுமே செய்வதால் அதன் தரவு பெரும்பாலும் கெடாது. ஆயினும் நகலாக்கத்தைத் தொடக்கத்திலிருந்து செய்ய நேரிடும். பயாஸ் புதுப்பித்தலின்போது மின்தடை நேர்ந்தால் தாய்ப்பலகையே செயலிழக்கக்கூடும். மேகமலை, வருசநாடு போன்ற மலைப்பகுதிகளில் வாழ்வோர், பல ஜிபி அளவுள்ள இயங்குதளக் கோப்பை நகரத்திலேயே பதிவிறக்கிப் பென்டிரைவில் எடுத்துச் செல்வது எளிது.

செயல்முறை

1. கணினியை முழுமையாக நிறுத்தி மின்னிணைப்பை நீக்குதல். கழற்றக்கூடிய மின்கலமாயின் அதை எடுத்தல். உள்ளமைந்ததாயின் மூடியைத் திறந்தவுடன் அதன் இணைப்பை முதலில் விடுவித்தல்.
2. மின்விசைப் பொத்தானைச் சில நொடிகள் அழுத்தி, எஞ்சிய மின்னூட்டத்தை வெளியேற்றுதல்.
3. நிலைமின்னேற்றத்தைத் தவிர்க்க, தரையிணைப்புள்ள உலோகப் பொருளொன்றைத் தொடுதல். பலகைகளை விளிம்பில் மட்டும் பிடித்தல்.
4. திருகாணிகளைக் கழற்றிய வரிசையில் தாளொன்றில் வைத்தல். அவற்றின் நீளங்கள் வேறுபடும். நீண்டதைக் குறுகிய துளையில் முடுக்கினால் மேற்புறம் பிளவுபடும்.
5. வன்தட்டை இணைப்பியிலிருந்து கிடைமட்டமாக இழுத்து, அதன் உலோகச் சட்டத்தை எஸ்எஸ்டிக்கு மாற்றிப் பொருத்துதல்.
6. நினைவகப் பலகையின் இருபுறக் கொக்கிகளையும் விலக்கினால் அது சாய்வாக எழும். புதியதைச் சாய்வாக முழுமையாகச் செருகி, கொக்கிகள் பூட்டும்வரை அழுத்துதல்.
7. மின்கலத்தை இணைத்து, பயாஸ் பகுதியில் இரு பாகங்களும் தெரிகின்றனவா என்று பார்த்தல்.

திரையில் எதுவும் தோன்றாவிடில் பெரும்பாலும் நினைவகப் பலகை சரியாக அமரவில்லை என்று பொருள். கழற்றி மீண்டும் பொருத்துதல் வேண்டும். புதிய நினைவகத்துடன் முதன்முறை தொடங்கும்போது சற்று நேரமாவது இயல்பு. பின்னர் மெம்டெஸ்ட்86+ போன்ற கட்டற்ற மென்பொருளால் நினைவகத்தைச் சோதிப்பது பயனுள்ளது. பொய்யான கொள்ளளவு குறிக்கப்பட்ட எஸ்எஸ்டிகளும் சந்தையில் விற்கப்படுவதால், புதிய வட்டை முழுமையாக எழுதிப் படித்துச் சரிபார்த்தல் நன்று.

இயங்குதளம்

பழைய வன்தட்டின் உள்ளடக்கத்தைக் குளோன்சில்லா போன்ற கட்டற்ற மென்பொருளால் எஸ்எஸ்டிக்கு நகலாக்கலாம். 500 ஜிபி வன்தட்டிலிருந்து 240 ஜிபி எஸ்எஸ்டிக்கு மாறுவோர் முதலில் பகிர்வுகளைச் சுருக்க வேண்டியிருக்கும். இதனினும் புதிதாக இயங்குதளத்தை நிறுவிக் கோப்புகளை மட்டும் மாற்றுவது எளிது.

விண்டோசு 7க்கான ஆதரவு 2020 சனவரி 14 அன்றும், விண்டோசு 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்றும் முடிவடைந்தன. விண்டோசு 11, குறைந்தது 4 ஜிபி நினைவகம், 64 ஜிபி சேமிப்பகம் ஆகியவற்றோடு டிபிஎம் 2.0 பாதுகாப்புக் கூறையும் ஆதரவுப் பட்டியலிலுள்ள செயலியையும் கோருகிறது. 2011 முதல் 2016 வரையிலான மடிக்கணினிகளின் செயலிகள் அப்பட்டியலில் இல்லை. வன்தட்டையும் நினைவகத்தையும் மாற்றுவதால் இந்நிலை மாறாது. இத்தகைய கணினிகளுக்கு லினக்சு வழங்கல்கள் பொருத்தமானவை. அரசு மடிக்கணினிகளில் விண்டோசுடன் சேர்த்து வழங்கப்பட்ட பாசு லினக்சு, டெபியனை அடிப்படையாகக் கொண்டு சி-டாக் நிறுவனத்தால் உருவாக்கப்பட்டதாகும். டெபியன், லினக்சு மின்ட் முதலியவற்றிலும் தமிழ்99 விசைப்பலகை வசதி உண்டு.

பழைய பாகங்கள்

நல்ல நிலையிலுள்ள பழைய வன்தட்டை யூஎஸ்பி உறையிலிட்டுப் படியெடுக்கப் பயன்படுத்தலாம். புதிய அமைப்பு சில வாரங்கள் சீராக இயங்கியது உறுதியாகும்வரை அதிலுள்ளவற்றை அழிக்காதிருத்தல் நன்று. பிறருக்குக் கொடுக்குமுன் வட்டு முழுவதையும் மேலெழுதி அழித்தல் வேண்டும். கோப்புகளை நீக்குவது மட்டும் போதாது. பயனற்ற பாகங்கள் மின்னணுக் கழிவாகும். இந்தியாவில் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த மின்னணுக் கழிவு மேலாண்மை விதிகள், 2022, இவற்றைப் பதிவுபெற்ற மறுசுழற்சியாளரிடம் சேர்க்க வழிசெய்கின்றன.

இவற்றையும் பார்க்க

- மடிக்கணினி
- வன்தட்டு
- தற்போக்கு அணுகல் நினைவகம்
- கட்டற்ற மென்பொருள்
- தேனி மாவட்டம்