எண்பது வயது மன்னரும் நாற்பது வயது எலும்புகளும்

கல்வெட்டு ஒன்று சொல்கிறது. அகழ்வில் கிடைத்த எலும்பு வேறொன்று சொல்கிறது. எதை நம்புவது? வரலாற்றில் ஆர்வமுடையோர் என்றேனும் ஒருநாள் சந்தித்தே தீரவேண்டிய இக்கேள்வி, மெக்சிகோவின் தென்கோடி மாநிலமான சியாப்பஸில், பலெங்கே என்னும் மாயா நகரத்தின் பொருட்டு அறிஞர்களை முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக இரு அணிகளாகப் பிரித்து வைத்திருந்தது. வழிகாட்டியுடன் கூடிய ஒருநாள் சுற்றுலாவில் அந்நகரைக் கண்டுவரும் வாய்ப்பு எங்கள் நால்வருக்கும் கிட்டியது. அங்கு கண்டதையும், அதற்கு முன்னும் பின்னும் படித்தறிந்ததையும் வாசகர்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறோம்.

ஒருநாள் சுற்றுலாவின் இலக்கணம் உலகெங்கும் ஒன்றுதான் போலும். வில்லாஹெர்மோசா நகரில் விடிவதற்குள் வண்டி ஏறவேண்டும். ஏறத்தாழ 140 கிலோமீட்டர் பயணம், வழியில் காலையுணவு, மாலையில் ஓர் அருவி. இவற்றுக்கு இடையே, ஓராயிரம் ஆண்டு வரலாற்றுக்கென ஒதுக்கப்பட்டது இரண்டரை மணிநேரம்! நல்லவேளையாக, எங்களுக்கு வாய்த்த வழிகாட்டி அம்மண்ணின் மைந்தர். சோல் என்னும் மாயா மொழியைத் தாய்மொழியாகக் கொண்டவர். மாயர்கள் 'மறைந்துபோன' இனத்தவர் என்று பயணி ஒருவர் பேச்சுவாக்கில் கூறியபோது, "மறைந்துபோனவன்தான் இன்று உங்களுக்கு வழிகாட்டுகிறேன்" என்று சிரிக்காமலே சொன்னார்.

பலெங்கே என்பது ஸ்பானியச் சொல். வேலியிட்ட அரண் என்று பொருள். அருகிலிருந்த சிற்றூரின் பெயர் இடிபாடுகளுக்கும் ஒட்டிக்கொண்டது. கல்வெட்டுகளில் இந்நகரின் பெயர் லகம்ஹா, அதாவது பெருநீர். 'ஹா' என்றால் இன்றும் தம் மொழியில் தண்ணீர்தான் என்றார் வழிகாட்டி. மலைச்சரிவிலிருந்து இறங்கும் ஓட்டுலும் ஓடையை, அரண்மனையை ஒட்டிக் கல்லால் கவிகை எழுப்பி நிலத்தடி வாய்க்காலாகக் கொண்டுசென்றிருக்கிறார்கள். கோடையிலும் நீர் ஓடுகிறது. வரைபடமிடப்பட்ட கட்டடங்கள் ஏறத்தாழ 1,500. அவற்றுள் காட்டை அகற்றி வெளிக்கொணரப்பட்டவை மிகச் சிலவே. எஞ்சியவை மரங்கள் மூடிய மேடுகளாக நிற்கின்றன. அம்மேடுகளின் உச்சியிலிருந்து குரங்குகள் சிங்கத்தைப் போலக் கர்ச்சிக்கின்றன (முதல்முறை கேட்டபோது எங்களில் இருவர் வண்டி நின்ற திசையைத் திரும்பிப் பார்த்ததை இங்கே குறிப்பிடாமல் விடுவது நேர்மையாகாது).

இவ்விடத்தைக் கண்ட வெளியார் ஒவ்வொருவரும் தாம் காண விரும்பியதையே கண்டனர் எனலாம். 1787இல் வந்த ஸ்பானியப் படைத்தலைவர் அந்தோனியோ தெல் ரீயோ புதையலைத் தேடிச் சுவர்களைத் துளைத்தார். 1832இல் வந்து தங்கிய வால்டெக் என்னும் ஓவியர், யானையே இல்லாத நாட்டின் சிற்பங்களில் யானைத் தலைகளைக் கண்டு வரைந்தார்! 1840இல் வந்த ஜான் லாயிட் ஸ்டீஃபன்ஸ்தான், இவற்றைக் கட்டியவர்கள் எகிப்தியரும் அல்லர், கடலில் மூழ்கிய கண்டத்தாரும் அல்லர், இம்மண்ணின் மக்களே என்று தெளிவாக எழுதினார்.

வழிகாட்டி எங்களை நேரே அழைத்துச் சென்றது கல்வெட்டுக் கோயிலுக்கு. அடுக்கடுக்காக உயரும் பிரமிடு; அதன்மேல் ஐந்து வாயில்கள் கொண்ட கோயில்; உள்ளே மூன்று பெரிய பலகைகளில் 600க்கும் மேற்பட்ட எழுத்துத் தொகுதிகள். மாயா உலகின் மிக நீண்ட கல்வெட்டுகளுள் ஒன்று இது. மன்னர் அரியணையேறிய நாளின் நினைவு கி.பி. 4772இல் மீண்டும் வரும் என்றுகூட இதில் கணக்கிட்டிருக்கிறார்கள். 2012இல் உலகம் முடியும் என்று மாயர் சொன்னதாக நம்மூர்த் தொலைக்காட்சிகள்வரை பரபரத்தனவே, அவர்களில் எவரும் இக்கல்வெட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதாக எங்களுக்கு நினைவில்லை.

1949இல் ஆல்பர்ட்டோ ரூஸ் என்ற மெக்சிகோ தொல்லியலாளர் இக்கோயிலின் தரையை ஆராய்ந்தார். பாவியிருந்த பலகைகளுள் ஒன்றில் வரிசையாகத் துளைகள். அவற்றில் கல் அடைப்பான்கள். சுவர்களோ தரையோடு முடியாமல் கீழேயும் தொடர்ந்தன. பலகையைப் பெயர்த்தபோது கற்களாலும் மண்ணாலும் வேண்டுமென்றே நிரப்பப்பட்ட படிக்கட்டு தென்பட்டது. அந்நிரப்பை அகற்ற நான்கு பருவங்கள் ஆயின. புழுக்கம், இருள், தூசி. படிகள் பிரமிடின் அடிவரை இறங்கின. முடிவில், பலியிடப்பட்டவர்களின் எலும்புகள் கிடந்த ஒரு கற்பெட்டி. அதையடுத்து முக்கோண வடிவில் நிறுத்தப்பட்ட ஒரு பலகை. 1952 ஜூன் 15ஆம் நாள் அப்பலகையை நகர்த்தி ரூஸ் உள்ளே நுழைந்தார். சுண்ணாம்பு நீர் சொட்டிச் சொட்டி விழுதுகளாக உறைந்திருந்த அறையில், 3.8 மீட்டர் நீளமும் 2.2 மீட்டர் அகலமும் கொண்ட சிற்பப் பலகை ஒன்று கிடந்தது. அதை மூடியாகக் கொண்ட ஈமப்பேழையை அப்படிக்கட்டு வழியே இறக்கியிருக்கவே முடியாது. முதலில் பேழையை வைத்து, அதைச் சுற்றியே பிரமிடை எழுப்பியிருக்கிறார்கள். நவம்பரில் மரத்துண்டுகளையும் வண்டிகளைத் தூக்கும் ஜாக்கிகளையும் கொண்டு மூடியை உயர்த்தினர். பச்சைக்கல் முகமூடி அணிந்து, பச்சைக்கல் அணிகள் பூண்டு, ஒரு மனிதர் அங்கே கிடந்தார்.

கல்லறை இன்று பொதுமக்களுக்கு மூடப்பட்டுள்ளது. பேழையின் நேர்ப்படியைத் தள அருங்காட்சியகத்தில் காணலாம். அங்குதான் வழிகாட்டி தம் கைப்பையிலிருந்து ஒரு படத்தை எடுத்து, குறுக்குவாட்டில் பிடித்துக் காட்டினார். விண்கலத்தில் அமர்ந்து விசைகளை இயக்கும் வீரன்! எரிக் வான் டேனிகன் 1968இல் எழுதிப் புகழ்பெற்ற கதை. உடன்வந்தவர்கள் ஆர்வத்துடன் புகைப்படம் எடுத்தனர். பிறகு அவர் படத்தை மெல்ல நிமிர்த்திப் பிடித்தார். 'நெருப்பு' பாதாளத்தின் விரிந்த அலகாயிற்று. 'கலத்தின் உடல்' உலகின் நடுவில் நிற்கும் மரமாயிற்று. உச்சியில் ஒரு தெய்வப் பறவை. மண்ணிலிருந்து முளைக்கும் சோளக் கடவுளின் கோலத்தில் மன்னர் சாய்ந்திருக்கிறார். பேழையின் பக்கங்களில் அவருடைய முன்னோர், ஒவ்வொருவரும் ஒரு பழமரத்தோடு முளைத்தெழுகிறார்கள். கொக்கோ, வெண்ணெய்ப்பழம், கொய்யா, சப்போட்டா... நம் தோட்டங்களில் நாம் சொந்தமாக்கிக்கொண்ட மரங்கள் பலவற்றுக்கு அங்கேதான் பூர்வீகம்.

டேனிகன் பார்க்கத் தவறியது மூடியின் விளிம்பை. முன்னோர் பலருடைய மறைவு நாள்களும், அவற்றோடு அம்மன்னர் பிறந்த நாளும் இறந்த நாளும் அங்கே வரிசையாகப் பொறிக்கப்பட்டுள்ளன. ஆனால் 1952இல் அவற்றை முழுமையாகப் படிக்கக்கூடியவர் உலகில் ஒருவரும் இல்லை.

காரணம் நாம் நன்கறிந்த ஒன்றே. 1562இல் யுகட்டானின் மானி நகரில் டியேகோ தே லாண்டா என்ற பாதிரியார் மாயரின் ஏடுகளைத் தீயிலிட்டார். இன்று எஞ்சியிருப்பவை நான்கே நான்கு. விந்தை என்னவெனில், எரித்த அதே கைதான் திறவுகோலையும் எழுதி வைத்தது. மாயா எழுத்தர் ஒருவரிடம் ஸ்பானிய எழுத்துகளின் பெயர்களைச் சொல்லி, அவற்றை அவர் மொழியில் எழுதுமாறு லாண்டா கேட்டிருக்கிறார். 'பே' என்று கேட்டவர் 'பே' என்ற அசையை எழுதினார். இது நெடுங்கணக்கு என்று லாண்டா எண்ணிக்கொண்டார். 1952இல், ரூஸ் கல்லறையைத் திறந்த அதே ஆண்டில், லெனின்கிராடில் யூரி க்னோரொசோவ் என்ற இளம் அறிஞர் அவை தனியெழுத்துகள் அல்ல, அசைகள் என்று நிறுவினார். நம் உயிர்மெய் எழுத்துகளைப் போல என்று கொண்டால் எளிதில் விளங்கும். இம்மன்னரின் பெயரே நல்ல சான்று. கேடயம் என்று பொருள்படும் அப்பெயரைச் சில இடங்களில் கேடயத்தின் உருவமாக வரைந்தார்கள். சில இடங்களில் ப, க, ல என மூன்று அசைகளாக எழுதினார்கள். பகால்.

1960இல் டாட்டியானா புரோஸ்கூரியாக்காஃப், கல்வெட்டுகளில் இருப்பவை வெறும் வானியல் கணக்குகள் அல்ல, மன்னர்களின் பிறப்பும் முடிசூடலுமே என்று காட்டினார். 1973 டிசம்பரில் பலெங்கேயிலேயே கூடிய ஒரு சிறு மாநாட்டில், ஓவிய ஆசிரியை லிண்டா ஷீலியும், பீட்டர் மேத்யூஸ் என்ற மாணவரும், மொழியறிஞர் ஃப்ளாய்ட் லவுன்ஸ்பரியும் சேர்ந்து அமர்ந்து, ஒரே பிற்பகலில் இந்நகர மன்னர்களின் வரிசையை வெளிக்கொணர்ந்தனர். பகால் பிறந்தது கி.பி. 603, பன்னிரண்டு வயதில் முடிசூடியது 615, மறைந்தது 683. வயது எண்பது.

சிக்கல் இங்கேதான் எழுந்தது. கல்லறை திறந்தபோது எலும்புகளை ஆராய்ந்தவர்கள், இறந்தவருக்கு நாற்பதிலிருந்து ஐம்பது வயதிருக்கும் என்று கூறியிருந்தனர். பற்களில் தேய்மானமே இல்லை. தம் வாழ்நாளின் பெருங்கண்டுபிடிப்பைக் கண்முன் கண்டவரான ரூஸ், கல்வெட்டைப் படித்தவர்களின் கூற்றை ஏற்கவில்லை. இதை வெறும் வயதுத் தகராறு என்று தள்ளிவிட முடியாது. 683இல் நாற்பது வயதில் இறந்தவர் 615இல் பிறந்திருக்கவே மாட்டார். அப்படியெனில் பேழையில் கிடப்பவர் பகால் அல்லர். அல்லது கல்வெட்டு புளுகுகிறது. இந்தக் கல்வெட்டு புளுகினால், இதே முறையில் படிக்கப்பட்ட பிற நகரங்களின் கல்வெட்டுகளை மட்டும் எப்படி நம்புவது? புதிதாய் எழுதப்பட்டுவந்த மாயா வரலாறு முழுவதுமே அந்த நாற்பது ஆண்டு இடைவெளியில் தொங்கியது.

அரண்மனையில் உள்ள நீள்வட்டப் பலகையைப் பார்த்தபோது எங்களுக்கு இச்சந்தேகத்தின் கனம் நன்றாகப் புரிந்தது. இருதலைச் சிறுத்தை அரியணையில் இளம் பகால் அமர்ந்திருக்க, தாய் சாக் குக் அவரிடம் மணிமுடியை நீட்டுகிறார். மகனுக்கு முடியளிப்பவர் தந்தையல்லர், தாய். 599இலும் 611இலும் கலக்முல் அரசின் படையெடுப்பால் இந்நகர் சூறையாடப்பட்டது. அந்த அழிவுக்கு நான்காண்டுகள் கழித்து அரியணையேறிய சிறுவன், தாய்வழி உரிமையை நிலைநாட்ட வாழ்நாள் முழுவதும் கல்லில் எழுத வேண்டியிருந்தது. எழுத இத்தனை காரணம் உள்ளவர் வயதையும் கூட்டி எழுதியிருக்கலாமே என்ற ஐயம் நியாயமானதே. மெய்க்கீர்த்திகளை அப்படியே விழுங்கக்கூடாது என்பதில் எங்களுக்கும் மாற்றுக் கருத்தில்லை.

தீர்ப்பு எலும்பிலிருந்தே வந்தது. வேரா டீஸ்லர் முதலானோர் மீண்டும் அவற்றை ஆராய்ந்து, முடிவுகளை 2006இல் நூலாக வெளியிட்டனர். எலும்புத் திசுவை நுண்ணோக்கியில் கண்டபோது முதுமை தெரிந்தது. முதுகெலும்பும் அதையே சொன்னது. முதியோரின் வயதைக் குறைத்துக் கணிப்பது பழைய முறைகளின் பொதுக் குறைபாடு. மாவரைக்கும் கல்லின் துகள் கலந்த உணவை மென்று தேய்ந்தவை குடிமக்களின் பற்கள். மென்மையான உணவுண்ட மன்னரின் பற்கள் தேயவில்லை. ஆக, கல்வெட்டின் கணக்கை மறுக்க இனி எலும்பில் காரணம் இல்லை.

பக்கத்துக் கோயிலுக்கு எங்களுக்குக் கிடைத்தது ஐந்தே நிமிடம். 1994இல் அங்கே ஒரு பெண்ணின் கல்லறை கிடைத்தது. உடல் முழுவதும் சாதிலிங்கப் பொடி பூசியிருந்ததால் 'சிவப்பு அரசி' என்கிறார்கள். பகாலின் மனைவி என்றே பெரும்பாலோர் கருதுகின்றனர். ஆனால் அவர் பேழையில் ஓர் எழுத்துகூட இல்லை. ஆகவே அவருக்கு இன்றும் பூசிய நிறமே பெயர்.

வண்டிக்குத் திரும்புமுன் கல்வெட்டுக் கோயிலுக்கு எதிரே ஒரு சிறிய நினைவிடத்தைக் காட்டினார் வழிகாட்டி. 1979இல் மறைந்த ரூஸின் சமாதி அது. வயது பற்றிய தம் கருத்தை அவர் கடைசிவரை மாற்றிக்கொள்ளவில்லை. பகாலின் முகமூடி 1985 கிறிஸ்துமஸ் இரவில் மெக்சிகோ நகர அருங்காட்சியகத்திலிருந்து திருடுபோய், 1989இல் மீண்டு, இப்போது அங்கேயே இருக்கிறது. எலும்புகள் மட்டும் ரூஸுக்கு எதிரே, அதே பேழையில்.