மீள்வினைக் கருத்தின் வரலாறு: நாட்ரன் ஏரிகள் முதல் நிறைத்தாக்க விதி வரை

ஆய்வுச் சுருக்கம்

வேதிவினைகள் இரு திசைகளிலும் நிகழவல்லவை என்பதும், வினைபடுபொருள்களின் அளவு வினையின் திசையைத் தீர்மானிக்கிறது என்பதும் இன்று மேல்நிலைப் பள்ளியிலேயே கற்பிக்கப்படுகின்றன. பிரெஞ்சு வேதியியலறிஞர் பெர்த்தொலே இக்கருத்தை 1799ஆம் ஆண்டிலேயே முன்வைத்தார். எனினும் அது விதியாக உருப்பெற அறுபது ஆண்டுகளுக்கு மேலாயின. இக்காலத்தாழ்வின் காரணத்தையும், அக்கருத்து மீட்டெடுக்கப்பட்ட முறையையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

முன்னுரை

பதினெட்டாம் நூற்றாண்டின் வேதியியல், ‘நாட்டம்’ என்னும் கருத்தை அடித்தளமாகக் கொண்டிருந்தது. ஒரு பொருள் மற்றொன்றோடு சேரும் விருப்பத்தின் வரிசையைக் காட்டும் அட்டவணையை 1718இல் ஜெஃப்ராய் பாரிசில் வெளியிட்டார். சுவீடனைச் சேர்ந்த பெரிமான் 1775இல் அதனைப் பெரிதும் விரிவுபடுத்தினார். நாட்டம் மிகுந்த பொருள், நாட்டம் குறைந்த பொருளை அதன் சேர்மத்திலிருந்து முற்றிலும் வெளியேற்றும் என்பது இவ்வட்டவணைகளின் உட்கோள். வினையின் திசை பொருள்களின் இயல்பால் மட்டுமே அமைகிறது என்றும், அவற்றின் அளவுக்கு அதில் பங்கில்லை என்றும் கருதப்பட்டது.

நாட்ரன் ஏரிகளில் கண்டது

நெப்போலியனின் எகிப்தியப் படையெடுப்பில் உடன்சென்ற அறிஞர்களுள் பெர்த்தொலேயும் ஒருவர். பண்டைய எகிப்தியர் உடல்களைப் பதப்படுத்தப் பயன்படுத்திய நாட்ரன் என்னும் சோடா உப்பு, கெய்ரோவுக்கு வடமேற்கே உள்ள ஏரிகளின் கரைகளில் படிந்திருந்ததை அவர் கண்டார். ஆய்வகத்தில் சோடியம் கார்பனேட்டுக் கரைசலோடு கால்சியம் குளோரைடைச் சேர்த்தால், கால்சியம் கார்பனேட்டு வீழ்படிவாகும். சோடியம் குளோரைடு கரைசலில் தங்கும். ஏரிக்கரையிலோ இதன் எதிர்வினை நிகழ்ந்திருப்பதாக அவருக்குத் தோன்றியது. உப்பும் சுண்ணாம்புக்கல்லும் அங்கு மிகுதியாக இருந்தன. உருவான சோடா உப்பு கரையில் பூத்து வெளியேறியது. கால்சியம் குளோரைடு மண்ணுள் கசிந்து அகன்றது. ஆகவே, பொருள்களின் மிகுதியும் விளைபொருள்களின் நீக்கமும் வினையைத் திருப்பவல்லவை என அவர் முடிவு செய்தார். கெய்ரோவில் 1799இல் படித்தளித்த கட்டுரையிலும், 1803இல் வெளியிட்ட நூலிலும் இக்கருத்தை விளக்கினார்.

சரியான கவனிப்பும் பிழையான அனுமானமும்

பெர்த்தொலே ஒரு படி மேலே சென்றார். அளவு வினையின் போக்கைப் பாதிக்குமெனில், உருவாகும் சேர்மத்தின் இயைபையும் அது பாதிக்கும் எனக் கருதினார். இதனைப் புரூஸ்ட் மறுத்தார். இயற்கையில் கிடைக்கும் செம்புக் கார்பனேட்டும் ஆய்வகத்தில் உருவாக்கப்பட்டதும் ஒரே இயைபு உடையவை என அவர் 1799இல் காட்டினார். இயைபு மாறுவதாகப் பெர்த்தொலே கருதிய ஆக்சைடுகள் பலவும் கலவைகளே என்றும் நிறுவினார். சில ஆண்டுகள் நீடித்த இவ்விவாதத்தின் முடிவில் மாறா விகித விதி நிலைபெற்றது. டால்டனின் அணுக்கொள்கை அதற்கு மேலும் வலுவூட்டியது.

இங்கு இரு வினாக்கள் ஒன்றாகக் குழப்பப்பட்டதே சிக்கலின் வேர். ஒரு வினையில் விளைபொருள் எவ்வளவு உண்டாகும் என்பது ஒன்று. அப்பொருள் எவ்விகிதத்தில் அமைந்தது என்பது மற்றொன்று. முதலாவது அளவைச் சார்ந்தது. இரண்டாவது பெரும்பாலும் சாராதது. இரண்டாம் வினாவில் பெர்த்தொலே தோற்றபோது, முதல் வினாவுக்கு அவர் கண்ட விடையும் உரிய கவனத்தை இழந்தது.

அளவீட்டின் வழி மீட்பு

இவ்விரு வினாக்களையும் பிரித்துக் காட்டியது அளவீடே. வினைக்கலவையில் அணுக்கள் இடையறாது இடம் மாறுகின்றன என்னும் கருத்தை 1850இல் வில்லியம்சன் முன்வைத்தார். பெர்த்தெலோவும் பெயான் தெ செயின்ட் கில்லும் 1862இல் எஸ்டராதல் வினையை அளந்தனர். ஒரு மோல் அசெட்டிக் அமிலமும் ஒரு மோல் எத்தில் ஆல்கஹாலும் வினைபுரிந்தால், ஏறத்தாழ 2/3 மோல் எஸ்டர் உருவானதும் வினை மேற்செல்வதில்லை. ஒரு மோல் எஸ்டரையும் ஒரு மோல் நீரையும் கொண்டு தொடங்கினாலும் இறுதியில் 2/3 மோல் எஸ்டரே எஞ்சுகிறது. எத்திசையிலிருந்து தொடங்கினாலும் ஒரே நிலை எய்தப்படுகிறது. இன்றைய முறைப்படி கணக்கிட்டால், (2/3 × 2/3) ÷ (1/3 × 1/3) = 4 என்பதே இவ்வினையின் சமநிலை மாறிலி. இங்கு எஸ்டரின் இயைபு மாறவில்லை. அதன் அளவே மாறுகிறது.

இவ்வளவீடுகளையும் தம் சோதனைகளையும் கொண்டு, நார்வேயைச் சேர்ந்த குல்பெர்க், வாகே ஆகிய மைத்துனர்கள் 1864இல் நிறைத்தாக்க விதியை வகுத்தனர். நார்வீஜிய மொழியில் அமைந்த அக்கட்டுரை பிறநாட்டாரின் கவனத்தைப் பெறவில்லை. 1867இல் வெளிவந்த பிரெஞ்சுப் பதிப்பும் பரவலாக அறியப்படவில்லை. 1879இல் ஜெர்மன் மொழியில் வெளியான பின்னரே விதி பரவியது. தொடக்கத்தில் எதிரெதிர் விசைகளின் சமன்பாடாகக் கூறப்பட்ட சமநிலை, பின்னர் எதிரெதிர் வினைவேகங்களின் சமன்பாடாக விளக்கப்பட்டது. வான்ட் ஹாஃப் 1884இல் சமக்குறிக்கு மாற்றாக எதிரெதிர் அம்புக்குறிகளைப் பயன்படுத்தினார். சமநிலை என்பது ஓய்வன்று, இடையறா இயக்கமே என்னும் கருத்து அக்குறியீட்டில் வடிவம் பெற்றது. அதே ஆண்டில் லெ சாட்லியர், புறநிலை மாற்றத்தைச் சமநிலை எவ்வாறு எதிர்கொள்கிறது என்பதைப் பொதுவிதியாக உரைத்தார்.

முடிவுரை

ஓப்பாவில் 1913இல் இயங்கத் தொடங்கிய அம்மோனியாத் தொழிற்சாலையில், உருவான அம்மோனியா தொடர்ந்து பிரித்தெடுக்கப்பட்டது. வினைபுரியாத வாயுக்கள் மீண்டும் செலுத்தப்பட்டன. விளைபொருளை நீக்கி வினையை முன்செலுத்தும் இம்முறை, ஏரிக்கரையில் பெர்த்தொலே உய்த்துணர்ந்ததன் தொழில்நுட்ப வடிவமே ஆகும். ஒரு கோட்பாட்டின் ஒரு பகுதி பொய்ப்பிக்கப்படும்போது, அதனோடு சேர்ந்து மறையும் மெய்ப்பகுதியைப் பிரித்துக் காப்பது ஆய்வாளரின் கடமை என்பதை இவ்வரலாறு உணர்த்துகிறது. சமநிலையைச் சமன்பாடாக மட்டும் கற்பிக்காமல், ‘எவ்வளவு’, ‘எவ்விகிதம்’ என்னும் இவ்விரு வினாக்களின் வேறுபாட்டோடு கற்பித்தால், மாணவரிடம் இன்றும் காணப்படும் குழப்பம் பலவும் நீங்கும் எனலாம்.