நர்சம்மா கேட்காத கேள்வி

போன மாசம் வெள்ளக்கடையில் அத்தை வீட்டுத் தகரப்பெட்டியை ஒழுங்கு பண்ணிக்கொண்டிருந்தேன். ரேஷன் கார்டு, பழைய ரசீதுகளுக்கு நடுவில் ஒரு மாத்திரை அட்டை கிடைத்தது. மாலா-என். அரசு இலவசமாகக் கொடுக்கும் கருத்தடை மாத்திரை. மொத்தம் 28. அதில் 21 ஹார்மோன் மாத்திரை, மீதி 7 இரும்புச்சத்து மாத்திரை. பாதி அட்டைதான் காலியாகியிருந்தது.

"இதை எதுக்கு அத்தை இன்னும் வெச்சிருக்கீங்க?"

"காலு வீங்குச்சே கண்ணு, அப்ப நிறுத்துனது. தூக்கிப் போட மறந்துட்டேன்."

நடந்தது 1990களின் தொடக்கத்தில். அப்போது அத்தைக்கு 36 வயசு, மூன்று பிள்ளைகள். ஆபரேஷன் என்றால் பயம். நர்சம்மா வீட்டுக்கே வந்து பிரஷர் பார்த்தார். மஞ்சக்காமாலை வந்ததுண்டா, தலைவலி உண்டா என்று கேட்டுவிட்டு அட்டையைக் கொடுத்தார். ஒரு கேள்வியை மட்டும் கேட்கவில்லை. காப்பிப் பழம் பறிக்கப் போகும் மார்கழிக் குளிரில் அத்தை பீடி குடிப்பார். ஒரு நாளைக்கு அஞ்சோ ஆறோ. சில மாசம் கழித்து ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தது. மலையிறங்கி சேலத்துக்குப் போனார்கள். அங்கே டாக்டர் எடுத்த எடுப்பிலேயே கேட்டது: "பீடி, சுருட்டு ஏதாவது பழக்கம் உண்டாம்மா?" இரண்டையும் நிறுத்தச் சொல்லிவிட்டார்.

அந்தக் கேள்வி டாக்டர் வாய்க்கு எப்படி வந்தது என்று தேடிப்பார்த்தேன். அதற்குப் பின்னால் ஏறக்குறைய இருபது வருஷ வரலாறு இருக்கிறது.

அமெரிக்காவில் 1960இல் எனோவிட் என்ற மாத்திரை கருத்தடைக்கு அனுமதி பெற்றது. மறு வருஷமே இங்கிலாந்தின் சஃபோக் பகுதியிலிருந்து ஜோர்டன் என்ற குடும்ப டாக்டர் 'லான்செட்' இதழுக்கு ஒரு கடிதம் எழுதினார். அந்த மாத்திரையை வேறொரு கர்ப்பப்பைக் கோளாறுக்காகச் சாப்பிட்ட ஒரு நர்சுக்கு நுரையீரலில் ரத்தக்கட்டி வந்தது என்பதுதான் செய்தி. மாத்திரையிலுள்ள ஈஸ்ட்ரோஜன், ரத்தத்தை உறைய வைக்கும் பொருட்களைக் கல்லீரல் கூடுதலாகச் சுரக்கும்படி செய்கிறது. அன்றைய எனோவிட்டில் அந்த வகை ஹார்மோன் 150 மைக்ரோகிராம் இருந்தது. அத்தை சாப்பிட்ட மாலா-என்னில் 30தான். 1969 கடைசியில் பிரிட்டன், 50க்கு மேல் உள்ள மாத்திரைகளைத் தவிர்க்கும்படி டாக்டர்களுக்குச் சொன்னது.

இதில் புகை எங்கே வந்தது? 1968இல் பிரிட்டனின் குடும்ப டாக்டர்கள் கல்லூரி ஒரு பெரிய கணக்கெடுப்பைத் தொடங்கியது. 1400 டாக்டர்கள், 46,000 பெண்கள். பாதிப் பேர் மாத்திரை சாப்பிடுபவர்கள், பாதிப் பேர் சாப்பிடாதவர்கள். ஆறு மாசத்துக்கு ஒருமுறை ஒவ்வொருவரைப் பற்றியும் குறிப்பு. சேர்க்கும்போதே ஒவ்வொரு பெண்ணிடமும் சிகரெட் பற்றிக் கேட்டு எழுதி வைத்தார்கள். அந்த ஒரு வரிதான் பிறகு உயிர் காத்தது. 1977இல் முடிவு வெளியானபோது, இதயம், ரத்தக்குழாய் நோய்களால் வந்த சாவு மாத்திரை சாப்பிட்டவர்களிடம் அதிகமாக இருந்தது. வயசு ஏற ஏற, சிகரெட்டும் சேரச் சேர, அது இன்னும் கூடியது.

இந்தக் கதையில் ஓர் இந்தியப் பெயரும் உண்டு. நியூயார்க்கின் பாப்புலேஷன் கவுன்சிலில் வேலை பார்த்த அன்ருத் ஜெயின், புகைக்கிறவர்களையும் புகைக்காதவர்களையும் தனித்தனியாகப் பிரித்துக் கணக்குப் போட்டார். 1976இல் அவர் கட்டுரை வந்தது. மாரடைப்பு ஆபத்து எல்லாப் பெண்களுக்கும் சமமாக இல்லை, புகைக்கும் மூத்த பெண்களிடம்தான் குவிந்திருக்கிறது என்பது அவர் காட்டிய வழி. 1978இல் அமெரிக்க அரசு, மாத்திரையோடு வரும் தாளில் இந்த எச்சரிக்கையைக் கட்டம் கட்டிப் போட வைத்தது.

இரண்டும் சேரும்போது என்ன ஆகிறது? புகை ரத்தக்குழாயின் உள்சுவரைப் புண்ணாக்கும், தட்டணுக்களை ஒட்டிக்கொள்ள வைக்கும். ஈஸ்ட்ரோஜன் உறைதலைக் கூட்டும். அதனால்தான் மாரடைப்பும் பக்கவாதமும் முதல் பயம். காலில் கட்டும் ரத்தக்கட்டிக்கு மாத்திரை மட்டுமேகூடக் காரணமாகலாம். அத்தையின் கால் வீக்கத்துக்குப் பீடிதான் காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. அவருக்கு அந்த மாத்திரையைக் கொடுத்திருக்கவே கூடாது என்பதுதான் விஷயம்.

உலக சுகாதார நிறுவனத்தின் இன்றைய அட்டவணை தெளிவாகச் சொல்கிறது. 35 வயசைத் தாண்டி, நாளைக்கு 15 சிகரெட்டுக்குக் குறைவாகப் பிடித்தால் ஈஸ்ட்ரோஜன் மாத்திரை பொதுவாக வேண்டாம். 15க்கு மேல் என்றால் கூடவே கூடாது. ஆனால் அந்த அட்டவணை எண்ணுவது சிகரெட்டை. பீடிக்கோ சுருட்டுக்கோ தனிக் கட்டம் கிடையாது. பிரிட்டிஷ் பெண்களின் பழக்கத்திலிருந்து பிறந்த அட்டவணை அது.

மாற்று இல்லாமலும் இல்லை. காப்பர்-டியில் ஹார்மோனே கிடையாது. லக்னோ மருந்து ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கி 1991இல் வந்த சஹேலி மாத்திரையில் ஈஸ்ட்ரோஜன் இல்லை. அத்தை கடைசியில் காப்பர்-டிக்குத்தான் மாறினார்.

தமிழ்நாட்டில் குடும்பக் கட்டுப்பாடு என்றாலே ஆபரேஷன்தான். மாத்திரை சாப்பிடுபவர்கள் கொஞ்சம் பேர். 'நம்ம ஊர்ப் பொம்பள எங்க பீடி குடிக்கப் போறா' என்ற நினைப்பும் சேர்ந்துகொள்கிறது. அதனால் இந்தக் கேள்வி நம் ஊரில் சுலபமாக விடுபட்டுப்போகிறது.

"அன்னைக்கு நர்சம்மா கேட்டிருந்தா சொல்லியிருப்பீங்களா அத்தை?" என்று கேட்டேன்.

சிரித்தார். "உங்க மாமா பக்கத்துல நின்னுக்கிட்டிருந்தாரு. எப்படிச் சொல்லுவேன்? தனியாக் கூப்பிட்டுக் கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்."

46,000 பெண்களின் கணக்கிலிருந்து வந்த கேள்வி அது. வெள்ளக்கடைக்கு வந்து சேரும்போது அதோடு இன்னொரு வரியும் சேர வேண்டும்: தனியாகக் கூப்பிட்டுக் கேளுங்கள், பீடியையும் சேர்த்துக் கேளுங்கள்.