சுழல் நால்வர் - 4: வெங்கட்டுக்கு உரிய இடம்

பேடி 266, சந்திரசேகர் 242, பிரசன்னா 189, வெங்கட்ராகவன் 156. நால்வரின் டெஸ்ட் விக்கெட்டுகளை யார் வரிசைப்படுத்தினாலும் வெங்கட் கடைசியில்தான் வருவார். அதனாலேயே அவரை நாலாவது ஆளாகப் பேசிப் பழகிவிட்டோம். எனக்கு இதில் உடன்பாடு இல்லை.

1965 பிப்ரவரியில் நியூசிலாந்துக்கு எதிராகச் சென்னை மாநகராட்சி ஸ்டேடியத்தில் அவர் முதல் டெஸ்ட் ஆடியபோது வயது 19. கிண்டி பொறியியல் கல்லூரி மாணவர். அடுத்த மாதமே டெல்லியில் முதல் இன்னிங்ஸில் 72 ரன்னுக்கு 8, இரண்டாவதில் 80 ரன்னுக்கு 4. இந்தியா வென்றது. ஒரு பையன் இதற்கு மேல் என்ன செய்து காட்ட வேண்டும்? ஆனால், படிப்பை முடித்துக்கொண்டு பிரசன்னா 1967இல் சேப்பாக்கம் டெஸ்டில் அணிக்குத் திரும்பினார். இருவரும் ஆஃப் ஸ்பின்னர்கள், இருவரும் இன்ஜினீயர்கள். இருப்பதோ பெரும்பாலும் ஓரிடம். அதன் பிறகு வெங்கட்டின் வாழ்க்கை காத்திருப்பதும் திரும்புவதுமாகவே போனது. நால்வரும் சேர்ந்து ஆடிய டெஸ்ட் ஒன்றே ஒன்று: 1967, எட்ஜ்பாஸ்டன்.

பிரசன்னா பந்தை மேலே தூக்கிப் போட்டு ஆசை காட்டுவார். வெங்கட் உயரமானவர், பந்தைத் தட்டையாக, வேகமாக, அளவு தவறாமல் போடுவார். ரசிகர்களுக்குப் பிரசன்னாவின் கலை பிடித்தது. ஆனால் 1971இல், இந்தியா முதன்முறையாக வெளிநாட்டில் பெரிய அணிகளைச் சாய்த்த அந்த ஆண்டில், துணை கேப்டன் வெங்கட். மேற்கிந்தியத் தீவுகள் தொடரில் 22 விக்கெட். போர்ட் ஆஃப் ஸ்பெயின் வெற்றியில் இரண்டாவது இன்னிங்ஸில் 95 ரன்னுக்கு 5. இங்கிலாந்தின் மூன்று டெஸ்டிலும் பிரசன்னா வெளியே, வெங்கட் உள்ளே.

ஓவல் டெஸ்டை எல்லோரும் சந்திரசேகரின் 6 விக்கெட்டுக்காக நினைக்கிறோம், நினைக்கத்தான் வேண்டும். அதே இன்னிங்ஸில் ஆலன் நாட்டைக் கவனியுங்கள். முதல் இன்னிங்ஸில் 90 அடித்தவர். அவர் நின்றுவிட்டால் ஆட்டம் கை நழுவிவிடும். வெங்கட்டின் பந்து மட்டையில் பட்டு ஷார்ட் லெக் பக்கம் தாழப் போனது. சோல்கர் தரையோடு தரையாகப் பாய்ந்து பிடித்தார். நாட் 1 ரன். அந்தக் கேட்ச்சைக் காட்டும் புகைப்படத்தில் நாம் சோல்கரைப் பார்க்கிறோம், பந்தைப் போட்டவரைத் தேடுவதில்லை. அந்த இன்னிங்ஸில் அதிக ரன் எடுத்த லக்ஹர்ஸ்ட், சந்திராவின் பந்தில் வெங்கட்டின் கையில்தான் பிடிபட்டார். இங்கிலாந்து 101க்குச் சுருண்டது.

கேப்டன் பதவி அவருக்குக் கொடுத்தது குறைவு, பறித்தது அதிகம். 1974 டிசம்பரில் டெல்லியில் கேப்டன். அடுத்த கல்கத்தா டெஸ்டில் பன்னிரண்டாவது ஆள்! 1975, 1979 உலகக் கோப்பைகளில் அவர்தான் தலைவர். ஒருநாள் ஆட்டம் அன்று நம்மவர்க்குப் பிடிபடவில்லை. 1979 ஓவலில் 438 ரன் இலக்கைத் துரத்தி, கவாஸ்கரின் 221 ரன்னால் 429 வரை வந்து டிரா செய்தது அவர் தலைமையிலான அணி. ஊர் திரும்பும் விமானத்திலேயே, புதிய கேப்டன் கவாஸ்கர் என்று விமானி ஒலிபெருக்கியில் அறிவித்தார். ஒரு தொடரை நடத்திவிட்டு வரும் தலைவரை இப்படியா நடத்துவது? நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகியும் இதைப் படிக்கையில் கோபம் வருகிறது.

அதற்குப் பிறகும் அவர் 1983 வரை டெஸ்ட் ஆடினார். ரஞ்சிக் கோப்பையில் மட்டும் 530 விக்கெட்.

1993இல் வெள்ளைக் கோட்டு அணிந்து நடுவராக வந்தார். புகழ்பெற்ற ஆட்டக்காரர்கள் பலர் வர்ணனை அறைக்குப் போகும்போது, இவர் நாள் முழுக்க வெயிலில் நின்று தீர்ப்புச் சொல்லும் வேலையைத் தேர்ந்தெடுத்தார். 1999 உலகக் கோப்பை அரையிறுதியில், எட்ஜ்பாஸ்டனில், ஆஸ்திரேலியாவும் தென்னாப்பிரிக்காவும் தலா 213 எடுத்துச் சமநிலையில் முடிந்த ஆட்டத்தின் இரு நடுவர்களில் ஒருவர் வெங்கட். மற்றவர் டேவிட் ஷெப்பர்ட். மட்டையை நழுவவிட்டு டொனால்ட் ரன் அவுட் ஆன அந்தக் கடைசி நொடியின் நெருக்கடியில் அவர் களத்தில் நின்றார். மூன்று உலகக் கோப்பைகள், 73 டெஸ்டுகள். ஆடிய 57ஐயும் சேர்த்தால் 130 டெஸ்டுகளைக் களத்துக்குள்ளிருந்தே பார்த்தவர்.

2002இல் ஐ.சி.சி. தன் எலைட் நடுவர் குழுவை அமைத்தபோது அந்த எட்டுப் பேரில் இருந்த ஒரே இந்தியர் அவர். 2004இல் அவர் ஓய்வு பெற்ற பின், இன்னொரு இந்தியர், சுந்தரம் ரவி, அந்தக் குழுவுக்குள் நுழைய 2015 ஆயிற்று.