பழையாற்றின் வரலாற்றில் சேறு மிதித்தவர்கள் எங்கே?

பொருநை நாகரிகம் பற்றி இன்று எல்லோரும் பேசுகிறார்கள். 1876இல் ஜெர்மானியரான யாகோர் ஆதிச்சநல்லூரில் தோண்டினார். சிவகளையில் முதுமக்கள் தாழிக்குள் கிடைத்த நெல்லின் காலம் பொ.ஆ.மு. 1155 என்று 2021இல் சட்டமன்றத்தில் அறிவிக்கப்பட்டது. நமக்கும் பெருமைதான். ஆனால் நெல் என்றதும் ஒரு கேள்வி எழ வேண்டும். அதை நட்டது யார், அறுத்தது யார்? தாழி அதற்குப் பதில் சொல்லாது. பதிலை எழுத்திலேயே வைத்திருக்கும் ஆறு ஒன்று பொருநைக்குத் தெற்கே ஓடுகிறது. அதுதான் நாஞ்சில் நாட்டுப் பழையாறு.

சுருளோடு பக்கத்து மலைகளில் தொடங்கி, பூதப்பாண்டி, ஒழுகினசேரி, கோட்டாறு, சுசீந்திரம் வழியாக மணக்குடியில் கடலில் சேரும் சிறிய ஆறு இது. தோவாளை, அகஸ்தீஸ்வரம் தாலுகாக்களான நாஞ்சில் நாடு இந்த ஆற்றங்கரையில் உருவானதுதான். கி.பி. 2ஆம் நூற்றாண்டில் எழுதிய தாலமி, ஆய் நாட்டின் நகரமாகக் 'கொட்டியாரா'வைக் குறிக்கிறார். அது நம் கோட்டாறு என்பது ஆய்வாளர்கள் கருத்து. சோழர்கள் அதே ஊருக்கு மும்முடிச்சோழபுரம் என்று பெயர் வைத்தார்கள். நாகர்கோவில் நாகராஜா கோயிலில் 16ஆம் நூற்றாண்டிலும் சமணப் பண்டிதர்கள் இருந்ததைக் கல்வெட்டுகள் காட்டுகின்றன. இத்தனை அரசும் சமயமும் வணிகமும் இங்கே நிலைத்ததற்குக் காரணம் தண்ணீரும் நெல்லும்.

அந்தத் தண்ணீர் தானாக வந்ததல்ல. பழையாற்றின் நீர்பிடிப்பு சிறியது, அதை நம்பி இவ்வளவு வயலை வைத்திருக்க முடியாது. எனவே பக்கத்துப் பறளியாற்றின் குறுக்கே அணை கட்டி, பாறையை வெட்டிக் கால்வாய் எடுத்து, தண்ணீரைப் பழையாற்றுக்குத் திருப்பினார்கள். அதன் பெயர் பாண்டியன் அணை, பாண்டியன் கால். பிறகு புத்தன் அணை வந்தது. 1906இல் மூலம் திருநாள் காலத்தில் பேச்சிப்பாறை அணை கட்டி முடிந்தது. தோவாளைக் கால்வாய், அனந்தனாறு, நாஞ்சில் புத்தனாறு என்று தண்ணீர் ஊர் ஊராகப் பிரிந்தது. அணைகளின் வரலாற்றில் அரசர் பெயர் இருக்கிறது, பொறியாளர் மிஞ்சின் பெயரும் இருக்கிறது. பாறை வெட்டிய கையின் பெயர் எங்கும் இல்லை.

அந்தக் கைகளுக்குச் சொந்தக்காரர்களின் சுவடு ஓலைகளில் இருக்கிறது. பழையாற்றின் மேற்பகுதியில் உள்ள அழகியபாண்டிபுரம் பெரியவீட்டு முதலியார் குடும்பத்தில் நூற்றாண்டுக் கணக்கான ஓலைகள் சேர்ந்திருந்தன. கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை அவற்றைப் படியெடுத்து ஆராய்ந்தார். பின்னர் அ.கா. பெருமாள் விரிவாக எழுதினார். நிலம், வரி, கோயில், பாசனம் பற்றிய அந்த ஓலைகளுக்கு நடுவே மனிதரை விற்ற, வாங்கிய ஓலைகளும் இருக்கின்றன. பறையரும் புலையரும் நிலத்தைப் போலவே கைமாறியிருக்கிறார்கள். தோண்டியெடுக்கும் பானை ஓட்டைவிட இது குறைந்த சான்றா?

இது ஒரு குடும்பத்தின் கொடுமை என்று சொல்லித் தப்பிக்க முடியாது. ஊரின் அமைப்பே அப்படி. நாஞ்சில் நாட்டையும் ஆண்ட ராஜராஜ சோழனின் தஞ்சைக் கல்வெட்டைப் பாருங்கள். கோயிலுக்குக் கொடுத்த ஊர்களில் வரி விலக்கான இடங்களைக் கணக்கிடும்போது ஊர்நத்தம், குளம், வாய்க்கால், சுடுகாடு ஆகியவற்றோடு பறைச்சேரியும் தீண்டாச்சேரியும் தனித்தனியாக வருகின்றன. நீர்ப்பாசன ஊர் அளக்கப்பட்ட அதே ஏட்டில் தீண்டாமையும் அளக்கப்பட்டிருக்கிறது. நாஞ்சில் நாட்டு நாட்டார் கூட்டங்கள் வரிக்கு எதிராக அரசையே எதிர்த்து நின்றதைப் பழங்கால ஜனநாயகம் என்று இன்று கொண்டாடுகிறார்கள். அது நிலம் வைத்திருந்தவர்களின் கூட்டம். வயலில் நின்றவர்களுக்கு அங்கே என்ன இடம் இருந்தது?

திருவிதாங்கூரின் 1836ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு சொல்லும் எண்ணைப் பாருங்கள். மொத்த மக்கள் 12,80,668. அதில் அடிமைகள் 1,64,864. ஏறத்தாழ எட்டுப் பேரில் ஒருவர். பிரிட்டிஷ் இந்தியாவில் 1843இல் அடிமைமுறைக்கு எதிராகச் சட்டம் வந்த பிறகும் திருவிதாங்கூர் அசையவில்லை. 1847இல் மிஷனரிகள் மன்னரிடம் மனுக் கொடுத்தார்கள். 1853இல் அரைகுறையாக ஒரு அறிவிப்பு வந்தது. 1855இல்தான் முழு ஒழிப்பு அறிவிக்கப்பட்டது. விடுதலை வேட்கையை மிஷனரிகள் கொண்டுவந்து கொடுத்ததாகவும் எண்ண வேண்டாம். அதற்கு அரை நூற்றாண்டு முன்பே மயிலாடியைச் சேர்ந்த சாம்பவரான மகராசன் தானே தேடிப் போய் வேதமாணிக்கம் ஆனார். அவர் அழைத்துத்தான் ரிங்கல்தௌபே 1806இல் இங்கே வந்தார்.

அடுத்து நடந்ததுதான் இன்றுவரை நம்மைத் துரத்துகிறது. 1865இல் திருவிதாங்கூர் அரசு ஒரு பிரகடனம் வெளியிட்டது. அரசு நிலத்தைப் பாட்டத்துக்கு வைத்திருந்த குடியானவர்களுக்கு அந்த நிலமே சொந்தமானது. விவசாயிகளின் உரிமைச் சாசனம் என்று அதைப் புகழ்கிறார்கள். பத்து ஆண்டு முன்புவரை அடிமையாக இருந்தவனிடம் பாட்டச் சீட்டு எப்படி இருக்கும்? உழுதவனுக்கு விடுதலை கிடைத்தது, உழுத நிலம் கிடைக்கவில்லை. சென்னை மாகாணத்தில் 1892க்குப் பிறகு பஞ்சமி நிலம் என்றாவது ஒன்று வந்தது. நாஞ்சில் நாடு அப்போது திருவிதாங்கூரில் இருந்ததால் அதுவும் இங்கே எட்டவில்லை. அய்யன்காளி ஸ்ரீமூலம் பிரஜா சபைக்குள் போனதும் தம் மக்களுக்காகக் கேட்டது நிலத்தைத்தான். நோய் எது என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

நிலம் மட்டுமா? பழையாற்றங்கரையில் இருக்கும் சுசீந்திரம் கோயிலைச் சுற்றிய தெருவில் நடக்கக்கூட 1926இல் சத்தியாகிரகம் செய்ய வேண்டியிருந்தது. டாக்டர் எம்.இ. நாயுடு முன்னின்று நடத்தினார். கோயிலுக்குள் போக 1936 நவம்பர் 12 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்தக் கோயிலின் விளக்குக்கும் அமுதுபடிக்கும் நெல் விளைந்த வயல் எவர் வியர்வையில் விளைந்ததோ, அவர்களுக்குத்தான் இந்தத் தடை.

இன்று பழையாற்று வயல்கள் வீட்டுமனைகளாகவும் வாழை, தென்னந்தோப்புகளாகவும் மாறிக்கொண்டிருக்கின்றன. 'நாஞ்சில் நாட்டின் நெற்களஞ்சியம் அழிகிறதே' என்ற கவலை நியாயமானது. ஆனால் பட்டா உள்ளவனுக்கு வயல் அழிந்தால் மனையின் விலை கிடைக்கிறது. நிலமில்லாத கூலிக்காரனுக்கு வேலை போகிறது, கையில் எதுவும் மிஞ்சுவதில்லை. நூற்றாண்டுகளுக்கு முன் எழுதிய ஓலையின் கணக்கு இப்படித்தான் இன்றும் தொடர்கிறது.

நம் கோரிக்கைகள் மூன்று. முதலாவது, பழையாற்றின் கரைகளையும் கால்வாய்களையும் முறையான தொல்லியல் ஆய்வுக்கு உட்படுத்த வேண்டும். அதில் கோயிலோடு சேரியையும் சேர்க்க வேண்டும். இரண்டாவது, நாஞ்சில் நாட்டின் நீர் வரலாற்றைக் காட்சிப்படுத்தும்போது பாண்டியன் அணையின் படத்துக்குப் பக்கத்தில் அடிமை ஓலையையும் வைக்க வேண்டும். மூன்றாவது, இந்த மாவட்டத்தின் நிலமற்ற தலித் குடும்பங்களுக்கு நிலம் வழங்குவதைச் சலுகையாகப் பார்க்காமல், 1865இல் கொடுக்காமல் விட்ட கடனாகக் கருத வேண்டும்.

ஆறு நாகரிகத்தின் தொட்டில் என்று பள்ளிக்கூடத்தில் படிக்கிறோம். பழையாற்றில் அந்தத் தொட்டிலை ஆட்டியவர்களுக்கு விலை வைத்தார்கள். அதற்கான சீட்டு இன்னும் இருக்கிறது. பெருமையைப் பாடப்புத்தகத்தில் ஏற்றும் நாளில் அந்தச் சீட்டையும் சேர்த்தே ஏற்றுங்கள்.