பச்சிலையும் மீன்கருவும்

"பச்சிலைதானே, உடம்பை என்ன செய்துவிடப் போகிறது?" என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்ல நாம் கேட்டிருக்கிறோம். அக்கேள்விக்கு ஒரு மலைச்செடியும் ஒரு சிறு மீனும் விடை சொன்ன வரலாற்றை இன்று உங்களுக்குக் கூற விரும்புகிறேன்.

அமெரிக்காவில் ஐடஹோ என்பது ஆட்டு மந்தைகள் மேயும் மலைநாடு. 1950களில் அங்கே நெற்றி நடுவே ஒற்றைக் கண்ணுடன் குட்டிகள் பிறந்தன. இடையர்கள் கலங்கினர். அரசாங்க விஞ்ஞானிகள் ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்து, ஈரப் புல்வெளிகளில் வளரும் வெராட்ரம் என்னும் செடியே காரணம் என்று கண்டனர். கருவுற்ற 14ஆம் நாளையொட்டிச் சினையாடு அதைத் தின்றால் இக்குறை நேர்ந்தது. பல நாள் தள்ளித் தின்றால் ஒற்றைக் கண் தோன்றவில்லை. தாய் ஆடோ நலமாகவே மேய்ந்து கொண்டிருந்தது! செடியிலிருந்து பிரித்த நச்சுப் பொருளுக்கு, கிரேக்கக் கதைகளில் வரும் ஒற்றைக்கண் அரக்கரின் பெயரை ஒட்டி, 1960களில் 'சைக்ளோபமின்' என்று பெயரிட்டனர்.

அது கருவை எவ்வாறு கெடுத்தது? விடைக்கான வழியைத் திறந்தது ஒரு பழ ஈ. 1980இல் அறிஞர்கள் இருவர் ஈயின் வளர்ச்சிக்கு வேண்டிய பல மரபணுக்களைக் கண்டறிந்தனர். அவற்றுள் ஒன்று பழுதானால் ஈயின் புழு முட்கள் அடர்ந்து தோன்றும். ஆதலால் அதற்கு 'முள்ளெலி' என்று பெயர். முதுகெலும்புள்ள உயிர்களிலும் இதன் உறவு மரபணுக்கள், எந்த உறுப்பு எங்கே அமைய வேண்டும் என்று கருவின் அணுக்களுக்குக் கட்டளை அனுப்புகின்றன. அக்கட்டளை செல்லும் வழியைச் சைக்ளோபமின் அடைத்துவிடுகிறது என்பது 1998இல் விளங்கியது.

இனி, மீனுக்கு வருவோம். பிரான்சிஸ் ஹாமில்டன் 1822இல் வெளியிட்ட கங்கை மீன்கள் பற்றிய நூலில் விவரித்த வரிக்குதிரை மீன்தான் அது. ஆட்டின் கரு தாய் வயிற்றின் இருளில் வளர்கிறது. இதன் கருவோ வெளியே, கண்ணாடி போன்ற முட்டைக்குள் வளர்கிறது. உருப்பெருக்காடியின் வழியே அதை நான் பார்த்திருக்கிறேன். ஒரே நாளில் இதயம் துடிக்கத் தொடங்கும் அக்காட்சியை மறக்க இயலாது. அந்நீரில் சைக்ளோபமினைத் தக்க தருணத்தில் கலந்தால், அம்பு முனைபோல் அமைய வேண்டிய தசைக் கட்டுகள் லாடம்போல் வளைந்துவிடுகின்றன. மெதுவாகச் சுருங்கும் தசையிழைகள் தோன்றுவதே இல்லை. அவை தோன்றும் வேளை கடந்தபின் கலந்தாலோ, அத்தசைகள் தப்பிவிடுகின்றன.

மாணவர்களே! நஞ்சுக்கு அளவு ஒன்று உண்டு என்பது பழைய பாடம். வளரும் கருவுக்கு வேளையும் ஓர் அளவு என்பது இச்செடி கற்பித்த பாடம். அதே கட்டளை வழியை அடைக்கும் மருந்தொன்று, ஒருவகைத் தோல் புற்றுநோய்க்காக 2012இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. கருவுற்ற பெண்கள் அதை உட்கொள்ளலாகாது என்ற கண்டிப்பான எச்சரிக்கையுடன்! செடி தந்தது என்பதால் ஒரு பொருள் அமுதமாகிவிடாது. தாய்க்குத் தீங்கில்லை என்பதால் சேய்க்கும் தீங்கில்லை என்று ஆகிவிடாது. இனி யாரேனும் "பச்சிலைதானே" என்று சொல்லும்போது, "யாருக்கு, எப்பொழுது?" என்று கேட்கப் பழகுங்கள்.