குடும்பவழி உடற்பருமன்: மரபணுவும் உடலுழைப்பும்

“எங்கள் குடும்பத்து உடல்வாகே இப்படித்தான்; நடைப்பயிற்சி செய்து என்ன பயன்?” என்று புறநோயாளிகள் பிரிவில் பலர் கேட்கின்றனர். எஃப்டிஓ என்னும் மரபணு பற்றிய ஆய்வுகள் இதற்கு ஓரளவு தெளிவான விடை தருகின்றன.

பெரும்பாலான மரபணுக்களில் தாயிடமிருந்து ஒரு நகல், தந்தையிடமிருந்து ஒரு நகல் என இரண்டை நாம் பெறுகிறோம். எஃப்டிஓ மரபணுவின் ஒரு குறிப்பிட்ட வடிவத்தை இரு நகல்களிலும் உடைய ஐரோப்பியர்கள், அவ்வடிவம் அறவே இல்லாதவர்களைவிடச் சராசரியாக 3 கிலோ கூடுதல் எடையுடன் இருந்தது 2007இல் கண்டறியப்பட்டது.

இந்த விளைவு உடலுழைப்பு உள்ளவர்களிடமும் இல்லாதவர்களிடமும் ஒரே அளவில் உள்ளதா? வேறுபட்டால் அதனை மரபணு–சூழல் இடைவினை என்கிறோம். இதனைக் கணக்கிடும் புள்ளியியல் மாதிரியில் மரபணுவுக்கு ஓர் உறுப்பும் உடலுழைப்புக்கு ஓர் உறுப்பும் இருக்கும். இரண்டையும் பெருக்கிய மூன்றாவது உறுப்பும் சேர்க்கப்படும். இம்மூன்றாவது உறுப்பின் மதிப்பு, தற்செயலாக நேர்ந்தது என ஒதுக்க இயலாத அளவுக்குச் சுழியத்திலிருந்து விலகியிருந்தால், ஒன்றின் விளைவு மற்றதைப் பொறுத்து மாறுகிறது எனக் கொள்ளலாம்.

இத்தகைய கணக்குக்கு மிகப் பெரிய எண்ணிக்கையில் மக்கள் தேவை. சில நூறு பேரை மட்டும் ஆராய்ந்து வெளிவரும் பரபரப்பான செய்திகளை எச்சரிக்கையுடன் படியுங்கள். 2011இல் 2,18,166 பெரியவர்களின் தரவுகள் ஒருங்கே ஆராயப்பட்டன. உடலுழைப்பு இல்லாதவர்களிடம் அந்த வடிவத்தின் ஒவ்வொரு நகலுக்கும் உடற்பருமனுக்கான வாய்ப்பு விகிதம் 30 விழுக்காடு கூடியது. உடலுழைப்பு உள்ளவர்களிடம் 22 விழுக்காடே கூடியது. அதாவது, மரபணுவின் தாக்கம் ஏறத்தாழ கால் பங்கு குறைவு. மறையவில்லை என்பதையும் கவனியுங்கள். சிறுவர்களிடமும் வளரிளம் பருவத்தினரிடமும் இவ்வேறுபாடு காணப்படவில்லை.

இவை குழுவின் சராசரிகள். உங்கள் எடை கால் பங்கு குறையும் என்று இதற்குப் பொருளன்று. நடைப்பயிற்சியைத் தொடங்குவதற்கு மரபணுப் பரிசோதனையும் தேவையில்லை.

பராமரிப்பாளர்களுக்கு ஒன்று: ஒரே உணவு, ஒரே உழைப்பு இருந்தும் இருவரின் எடை வேறுபடலாம். எடை குறையாதவரைச் சோம்பேறி எனக் கடிந்துகொள்ள வேண்டாம்.

பெரியவர்கள் வாரத்திற்குக் குறைந்தது 150 நிமிடங்கள் மிதமான உடலுழைப்பில் ஈடுபட வேண்டும். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் உள்ளவர்களும், இன்சுலின் போட்டுக்கொள்பவர்களும் மருத்துவரைக் கலந்தாலோசித்த பின்னரே தொடங்குங்கள்.